சீவாத மரத்தின் நுங்கு

போன சித்திரையில் காணையிலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது, விழுப்புரத்தில் சாலையோரம் ஒரு வேப்பமர நிழலில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் இரண்டு டஜன் வாங்கினேன். பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தார். வீடு சேரும்போது இரவு மணி பத்து. நுங்குகள் தண்ணீர் விட்டு, லேசாகப் புளித்த வாடை அடித்தது. பெண் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "சப்புன்னு இருக்குப்பா, இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. நுங்கு என்பது மரத்தடியில் தின்பது. காயைச் சீவிக் கையில் கொடுக்க, கண்ணுக்குள் கட்டைவிரலை விட்டு நெம்பி, முகத்தில் நீர் தெறிக்க உறிஞ்சுவது. இதைச் சென்னையில் ஒரு பிளேட்டில் வைத்து ஸ்பூனோடு நீட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

எனக்கு நினைவு தெரிந்து நுங்கு கொட்டிக் கிடந்த கோடை 1987-ல் வந்தது. எனக்கு ஒன்பது வயது. அப்போது காணை தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டம் ஆக இன்னும் ஆறு வருஷம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வருஷத்தைக் கேட்டால், செப்டம்பரில் நடந்த இடஒதுக்கீட்டுச் சாலை மறியலைத்தான் சொல்வார்கள். இல்லையென்றால் டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்ததை. என் தலையில் அது நுங்கு வருஷமாகத்தான் பதிந்திருக்கிறது.

ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கள் நிலத்து வரப்பில் பதினேழு பனை வரிசையாக நின்றன. அதுவரை கோடையில் அந்த மரங்களில் எங்களுக்கு எட்டியது ஒன்றோ இரண்டோ குலைதான். அந்த வருஷம் பெண் பனை ஒவ்வொன்றும் குலை குலையாகத் தள்ளியது. காலையில் ஏறி வெட்டினால் மத்தியானம் வரை தின்போம். கடுக்காயாகிவிட்டதையும் விடாமல் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்போம். தின்ற கோம்பை இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பால் தள்ளினால் வண்டி. மிச்சக் கோம்பை மாட்டுக்கு. ஏரிக்கரை மண்ணில் வண்டித் தடம் பாம்பு போன வழி மாதிரி வளைந்து வளைந்து கிடக்கும்.

"இந்த வருசம் மட்டும் ஏன் ஆயா இவ்ளோ நொங்கு?" என்று கேட்டேன்.

ஆயா புளி ஆய்ந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தவில்லை. "சீவுற மரத்துல நொங்கு ஏதுடா? அந்த மனுசன் கத்திய கீழ வெச்சிட்டான். உங்களுக்கு நொங்கு கெடைக்குது. தின்னுங்க."

அந்த மனுசன் என்று ஆயா சொன்னது எங்கள் மரங்களில் ஏறிக்கொண்டிருந்தவரை. நாங்கள் மரமேறித் தாத்தா என்போம். ஆயா சொன்னதன் பொருள் எனக்கு விளங்கப் பல வருஷம் ஆனது. விஷயம் எளிது. பனம்பாளையைச் சீவினால் சாறு வடியும். பாளையின் சத்தெல்லாம் அந்தச் சாறாக இறங்கிவிடும், காய் பிடிக்காது. சீவாமல் விட்டால் பெண் பனையில் அது நுங்குக் குலை. ஆக ஒரு பாளை ஒன்று முட்டிக்குப் போகும், இல்லை குழந்தைகளிடம் வரும். ஆண் பனையில் அந்தச் சிக்கலே இல்லை. சீவுகிறவன் நின்றுவிட்டால் அதன் பாளை காய்ந்து தொங்கும், அவ்வளவுதான்.

அந்த மனுசன் ஏன் கத்தியைக் கீழே வைத்தார்? 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 1981-ல் அந்தக் கடைகளைத் திறந்ததும் எம்.ஜி.ஆர். அரசுதான், மூடியதும் அதுவேதான்.

இதற்கு முன்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் பனை என்பது அரசாங்கத்துக்குப் பணம். சென்னை மாகாணத்தில் 1886-ல் அப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்கும் மரத்துக்கு மரவரி; மரத்தில் எண் குறித்து, மரக்கணக்கில் வசூலித்தார்கள். அதே காலத்தில் எங்கள் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையும் சாராய வடிப்பாலையும் வளர்ந்துகொண்டிருந்தன. இன்றைக்கும் ஈ.ஐ.டி. பாரி என்ற பெயரில் இருக்கும் 'டி', டிஸ்டில்லரீஸ் என்பதன் முதலெழுத்து. பலருக்குத் தெரியாது, மிட்டாய் கம்பெனி என்றே நினைத்துக்கொள்வார்கள்.

1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மாகாணம் முழுக்க வந்தது. மரமேறிகளுக்கு மாற்றாக அன்றைக்குக் காட்டப்பட்ட வழி பதநீரும் பனைவெல்லமும். ஜே.சி. குமரப்பா இதை வெறும் நிவாரணமாகப் பார்க்கவில்லை. வரப்பிலும் தரிசிலும் தானாக நிற்கும் பனையிலிருந்து இனிப்பு எடுத்துக்கொண்டால், கரும்பு தின்னும் நல்ல நிலத்தையும் தண்ணீரையும் உணவுப் பயிருக்கு விடலாம் என்பது அவர் கணக்கு. இன்று முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போகும்போதெல்லாம் எனக்குக் குமரப்பா நினைவு வரும். யார் கேட்டார்கள்?

பிறகு 1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974-க்குள் கள்ளுக்கடை, சாராயக்கடை இரண்டும் மறுபடி மூடப்பட்டன, 1981-ல் திறப்பு, 1987-ல் மூடல். ஒரு மரமேறி இருபது வயதில் தொழிலுக்கு வந்திருந்தால், நாற்பது வயதுக்குள் அவர் தொழில் குற்றமாகவும் உரிமமாகவும் மாறி மாறி வந்திருக்கும். இதற்கிடையில் 1983-ல் டாஸ்மாக் தொடங்கப்பட்டது. ஆலையில் செய்த மது அதன் வழியாகத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. கள் வேண்டும், வேண்டாம் என்று நான் இங்கே வாதாட வரவில்லை. குடித்து அழிந்த குடும்பங்களையும் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். ஆனால் மரத்திலிருந்து இறக்குவது குற்றம், பாட்டிலில் அடைத்தது வருமானம் என்ற கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கள்ளுக்குத்தானே தடை, பதநீர் இறக்கலாமே என்று கேட்கலாம். இறக்கலாம்தான். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். நம்ம ஊர் வெயிலில் சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்தாலே புளிப்பு தட்டும். சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே இருப்பது அவ்வளவு சுண்ணாம்புதான். அது போதுமா போதாதா என்று தீர்மானிப்பவர் மரத்தில் ஏறுவதில்லை, கீழே நிற்பார். விடிகாலையில் ஏறி, சாயங்காலம் மறுபடி ஏறி, நெஞ்சுத் தோல் காய்த்துப்போன ஒரு ஆள், கீழே இறங்கியதும் இதற்கும் பதில் சொல்ல வேண்டும். மரமேறித் தாத்தா இரண்டு பருவம் பதநீர் இறக்கிப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

கிழக்கே போனால் மதகடிப்பட்டு. அங்கிருந்து புதுச்சேரி, அங்கே சட்டம் வேறு, கள்ளுக்கடை உண்டு. அவருடைய பெரிய மகன் அந்தப் பக்கம் மரம் ஏறப் போனான். பனை ஒன்றுதான், பாளை ஒன்றுதான். எல்லைக் கல்லைத் தாண்டினால் அதே கத்தி தொழில் ஆகிவிடும். தாத்தா போகவில்லை. "இந்த வயசுல அங்க போயி யாரு மரத்துல ஏற்றது?" என்றார். கரும்பு வெட்டப் போனார். மண்வெட்டி பிடித்தார். அவர் ஏறிய மரங்களில் மற்றவர்கள் குலை இறக்கினால் கிட்டே வந்து நிற்பார், தின்னமாட்டார். ஒருமுறை நான் ஒரு நுங்கை நீட்டியபோது, "எனக்கு அது ருசி தெரியாதுப்பா" என்றார். பனையில் நாற்பது வருஷம் ஏறியவருக்கு நுங்கு ருசி தெரியாதா என்று அன்றைக்குச் சிரித்தேன்.

இனி சொல்வது எங்கள் வீட்டுக் கணக்கு. 1995-ல் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட வேண்டும். செங்கல் சூளைக்கு விறகு எடுக்கும் ஆள் வந்தார். பனை நன்றாக நின்று எரியும். சீவுவதற்கு ஆள் இல்லாத மரம், வரப்பில் நிழல் விழுகிறது, ஓலைக்குக்கூட யாரும் வருவதில்லை, கூரையெல்லாம் ஓடும் சிமெண்டும் ஆகிவிட்டது. அப்பா பதினேழையும் கொடுத்தார். இரண்டு நாள் வேலை. லாரி போன பிறகு ஆயா வரப்புக்குப் போய்விட்டு வந்து, "வெளியே வெள்ளையா கீது" என்று மட்டும் சொன்னாள். என் முதல் வருஷ ஹாஸ்டல் ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது என்ன நினைக்க வேண்டும் என்று எனக்கு நிச்சயமில்லை. அந்தப் படிப்பில்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

2021 ஆகஸ்டில், தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். 76 லட்சம் விதை, ஒரு லட்சம் கன்று கொடுப்பதாகவும் சொன்னார்கள். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் விதை போட்டால் மரம் வரும், மரமேறி வரமாட்டார். தாத்தாவின் பேரன் விழுப்புரத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். உயரம் என்றாலே தலை சுற்றும் என்றான்.

அந்த விதைகளில் சில எங்கள் ஏரிக்கரைக்கும் வந்தன. போன சித்திரையில் போய்ப் பார்த்தேன். கரையில் பதினொன்று முளைத்திருந்தது. மூன்றை ஆடு கடித்திருந்தது. மற்றவை முழங்கால் உயரம், விசிறி போல இரண்டு மூன்று ஓலை. பாளை தள்ளப் பதினைந்து இருபது வருஷம் பிடிக்கும். அதுவரை எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. கரையில் நூறு நாள் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அக்கா, "இன்னா தம்பி எண்ணிகினு கீற?" என்றார். எட்டு இருக்குது என்றேன். "அந்தாண்ட ஒண்ணு கீது பாரு, முள்ளுல மறைஞ்சி," என்று கையைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். இருந்தது.