சாம்பார் சோத்துல ஸ்டாமினா வருமா? குன்னூர் எலிகள் முதல் கோவில்பட்டி கடலை வரை

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுறேன். எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை. சொன்னதும் எல்லோரும் திருச்சி பக்கம் இருக்கிற புதுக்கோட்டையைத்தான் நினைப்பாங்க. அது இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில், பஸ்ஸில் கொஞ்சம் கண் அசந்தால் தாண்டிப் போய்விடுகிற ஊர். கிழக்கே போனால் துறைமுகம், ஒரு காலத்தில் முத்துக் குளித்த கடல். மீனுக்குப் பேர்போன மாவட்டம். ஆனா எங்க வீடு சைவம், முட்டைகூட கிடையாது.

பள்ளிக்கூடத்தில் நான் 800 மீட்டர் ஓடினேன். மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும்போது, பயிற்சி கொடுத்தவர் என்னைப் பார்த்து, "ஏலே, சாம்பார் சோத்துல எங்க ஸ்டாமினா வரும்?"ன்னு கேட்டார். எல்லோரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அடுத்த வருஷம் ஓடப் போகவில்லை.

இப்ப என் சித்தி பையன் கபடி ஆடுறான். போன மாசம் அவன் கேட்டது: "அண்ணே, பவுடர் வாங்காம சைவமாவே இருந்து உடம்பு ஏத்த முடியுமா?" அவனுக்குப் பதில் சொல்லலாம்னு தேட ஆரம்பிச்சப்பதான் தெரிந்தது, என்னைப் பார்த்துக் கேட்ட அந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு. அந்தக் கதைதான் இன்னைக்கு எபிசோட்.

19-ம் நூற்றாண்டு ஜெர்மனியிலிருந்து தொடங்கலாம். கார்ல் வாய்ட் என்ற உடலியல் அறிஞர், உழைக்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என்று கணக்குச் சொன்னார். அவரைச் சுற்றி இருந்த உழைப்பாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்த்து எடுத்த எண் அது. சாப்பிட்ட அளவே தேவையான அளவு என்று ஆகிவிட்டது. 1904-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரஸல் சிட்டெண்டன் இதைச் சோதித்துப் பார்த்தார். தடகள மாணவர்களுக்கும் ராணுவ வீரர்களுக்கும் இறைச்சியை வெகுவாகக் குறைத்து, கிட்டத்தட்ட பாதிப் புரதத்தில் மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வைத்தார். அவர் அளந்தவரை அவர்கள் பலம் குறையவில்லை, கூடியிருந்தது.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் இங்கே பிரிட்டிஷ் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்று சிலரைப் பிரித்து வைத்து, ராணுவத்தில் தென்னிந்தியர்களைக் குறைத்துக்கொண்டு வந்த காலம். அந்தப் பிரிவினைக்கு ஒரு அறிவியல் காரணம் கிடைத்தால் வசதிதானே? கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த டேவிட் மெக்கே, 1912-ல் புரதம் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சோறு தின்கிற வங்காளிகள் உடல் வலு குறைந்தவர்கள், காரணம் அவர்கள் உணவில் புரதம் குறைவு என்பது அவருடைய வாதம்.

அடுத்து நம்ம குன்னூர். 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் அங்கே தொடங்கிய ஆய்வு, பிறகு ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அவர் எலிகளைக் குழு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு வங்காளிகள் சாப்பாடு, ஒன்றுக்கு 'மெட்ராஸி' சாப்பாடு என்று கொடுத்தார். கடைசியில் எடை போட்டால், சீக்கியர் சாப்பாட்டு எலி சராசரி 235 கிராம். மெட்ராஸ் சாப்பாட்டு எலி 155 கிராம். பட்டியலில் கடைசி நாமதான்.

இதை முதல்தடவை படித்தபோது எனக்கு அந்த மைதானச் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஆனா கொஞ்சம் பொறுமையா, முதல் இடம் பிடித்த தட்டில் என்ன இருந்தது என்று பாருங்க. முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இறைச்சி எப்பவாவது ஒரு தடவைதான். கடைசி இடம் வந்த தட்டில் இருந்தது பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசி, கழுவிக் கழுவித் தவிடும் சத்தும் போனது. கூட வந்த மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். ஆக, கறிச்சாப்பாடு ஜெயித்து சைவச் சாப்பாடு தோற்ற போட்டி இல்லை அது. பல பொருள் இருந்த தட்டு ஜெயித்தது, சோறு மட்டும் நிறைந்த தட்டு தோற்றது. சோறு மட்டும் நிறைந்த தட்டு யாருக்கு வரும்? பருப்பும் பாலும் வாங்கக் காசு இல்லாதவருக்கு. மெக்கரிசன் எடை போட்டது சாப்பாட்டை. வெளியே பரவியதோ, தெற்கத்தி உடம்பே அவ்வளவுதான் என்ற பேச்சு.

சுதந்திரத்துக்குப் பிறகு இதே கதை வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ஏழை நாடுகளில் புரதப் பஞ்சம் வரப்போகிறது என்று 1968-ல் ஐக்கிய நாடுகள் சபை அறிக்கையே வெளியிட்டது. புரதம் செறிந்த மாவு, பவுடர் என்று தீர்வுகள் குவிந்தன. இதை எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த சி. கோபாலன். குன்னூர் ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்கு மாறிய பிறகு அதன் இயக்குநராக இருந்தவர். தானியமும் பருப்பும் சேர்ந்த நம்ம சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டால், அதிலேயே புரதமும் கிடைத்துவிடும். குழந்தைகளுக்கு இல்லாதது வயிறு நிறையச் சாப்பாடுதான் என்றார். 1974-ல் டொனால்ட் மெக்லாரன், 'தி லான்செட்' இதழில் இந்தப் புரதப் பீதியையே ஒரு பெரிய சொதப்பல் என்று எழுதினார்.

சரி, அப்ப பயிற்சியாளர் சொன்னது முழுக்கத் தப்பா? இங்கதான் நான் நேர்மையா இருக்கணும். கோபாலன் பேசியது எல்லோருக்குமான தேவை பற்றி. விளையாட்டு வீரருக்கு அதைவிட அதிகம் வேண்டும். ஐசிஎம்ஆர் 2020-ல் சாதாரண ஆளுக்குச் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். தடகளம், கபடி மாதிரி கடும் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்று அமெரிக்க, கனடா விளையாட்டு மருத்துவ, உணவியல் அமைப்புகள் 2016-ல் சொல்லியிருக்கின்றன. தாவரப் புரதம் கொஞ்சம் குறைவாகச் செரிக்கும் என்பதால், முழுச் சைவக்காரர் கீழ் எல்லையில் நின்றுவிடாமல் கொஞ்சம் மேலே போவது நல்லது.

தம்பிக்கு 60 கிலோ. அவனுக்குக் குறைந்தது 72 கிராம் வேண்டும். அவன் அப்ப சாப்பிட்டுக்கொண்டிருந்தது நாளைக்கு 300 கிராம் அரிசி, தண்ணி சாம்பாரில் 20 கிராம் பருப்பு. கூட்டினால் 28 கிராம்தான் வருது. நான் ஓடின காலத்துத் தட்டும் இதேதான். ஸ்டாமினா எங்கன்னு கேட்டவர் தட்டைப் பார்த்துக் கேட்டிருந்தால், கேள்வி சரி.

தட்டு ஏன் இப்படி ஆனது? 1951-ல் இந்தியாவில் தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் பருப்பு கிடைத்தது. பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் பெருக்கியது, பருப்பு பின்தங்கியது. 2000-ம் ஆண்டு வாக்கில் அது ஏறக்குறைய பாதி. ரேஷனில் 30 ரூபாய்க்குத் தருகிற ஒரு கிலோ துவரம் பருப்பு பெரிய உதவிதான். ஆனா நாலு பேர் இருக்கிற வீட்டில் அதைப் பங்கு போட்டால், ஆளுக்கு நாளைக்கு 8 கிராம்.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு இது. அதே 300 கிராம் அரிசியில் 24. துவரம் பருப்பு 50 கிராம், கெட்டியாக, அதில் 11. தோல் உளுந்து 60 கிராமில் 14. சுண்டலுக்குக் கொண்டைக்கடலை 50 கிராமில் 10. நிலக்கடலை 50 கிராமில் 12. மொத்தம் 71. மீல் மேக்கர் 30 கிராம் சேர்த்தால் இன்னொரு 15, ஆக 86. இதை ஒரே வேளையில் திணிக்காமல் மூணு, நாலு வேளையாகப் பிரிக்கணும். பி12 மட்டும் செடிகொடியில் கிடைக்காது. பால்கூட வேண்டாம் என்கிறவர்கள் அதை டாக்டரிடம் கேட்டு மாத்திரையாக எடுத்தே ஆகணும்.

நிலக்கடலையைப் பட்டியலில் பார்த்துட்டு தம்பி சிரிச்சான். எங்க மாவட்டத்துக் கோவில்பட்டிக்கு ரெண்டு பெருமை. ஒண்ணு ஹாக்கி. இன்னொண்ணு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின கடலை மிட்டாய். ரெண்டும் ஒரே ஊர்ல இருக்கிறதை நாங்க அதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அப்புறம் ஆச்சியிடம் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "இதுக்கு எதுக்குய்யா கணக்கு? உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் ஆக்கிப் போட்டா ஆச்சு" என்றாள். அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் உளுந்தில் இருக்கு. உளுந்தில் குறைகிற மெத்தியோனின் எள்ளில் இருக்கு. ஆச்சிக்கு அமினோ அமிலம் தெரியும்னு நான் சொல்ல வரலை. ருசிக்குத்தான் சேர்த்தாங்க, அது உடம்புக்கும் பொருந்திப் போச்சு. "அப்ப ஏன் ஆச்சி எனக்கு அடிக்கடி செய்து தரல?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "உளுந்து விக்கிற வெலைக்கு மாசம் ஒருநா செய்யதே பெருசுய்யா."

குன்னூர் எலிகள் சொன்னதும் அதுதான். தம்பி இப்ப பவுடர் வாங்க வச்சிருந்த காசில் உளுந்தும் கடலையும் வாங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவனோட மைதானத்துக்குப் போறேன். ரெண்டு சுற்று ஓடினா மூச்சு வாங்குது. அதுக்குக் காரணம் சாம்பார் இல்லை, வயசு.

உங்க வீட்டுத் தட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு பருப்பு விழுதுன்னு ஒருதடவை அளந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.