விம்முக்குள் ஒரு தமிழ்க் கோப்பு

டப்ளின் என்றதும் அயர்லாந்து என்று நினைக்காதேயுங்கோ. இது கலிபோர்னியா டப்ளின். 2002இல் இங்கே வந்த புதிதில், இடம்பெயர்ந்த கதையை ஒரு கோப்பில் எழுதி வைத்தேன். போன மாதம் அதைத் திறந்தால் ஒரே ஐரோப்பிய எழுத்துக் கிறுக்கல். இலக்கங்கள் மட்டும் தெரிந்தன: 30.10.1995. வலிகாமம் வெறிச்சோடிய நாள்.

எழுதியது விம் என்ற எழுதியில், திஸ்கி குறியேற்றத்தில். விம்மை ஒல்லாந்தர் பிராம் மூலெனார் 1991இல் அமிகா கணினிக்காக வெளியிட்டார். தனக்குக் காசு கேட்கவில்லை. உகண்டாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று திறந்தவுடன் திரையில் கேட்கும். 1994இல் அங்கே கிபாலேயில் அவரே தொண்டு செய்தவர். அகதியாக வந்த எனக்கு அந்த வரியிலேயே விம்மைப் பிடித்துவிட்டது.

2001 செப்டம்பரில் வந்த 6.0 பதிப்பில்தான் செருகிக்கென்று தனி அடைவு வந்தது. எழுதிய கோப்பை அதற்குள் போட்டால் போதும், தானே வேலை செய்யும். ஆளாளுக்கு எழுதத் தொடங்கினார்கள். அதிலே எங்கட பெயர் ஒன்று: ஏகப்பன் லட்சுமணன். அவருடைய டேக்லிஸ்ட் செருகியை நிரல் எழுதுகிற பலர் அறிவார்கள். ஆனால் எனக்கு முக்கியம் அவர் கொடுத்த சின்னஞ்சிறு திஸ்கி விசைவரைபடம். இந்த ஆங்கில விசைக்கு இந்தத் தமிழ் எழுத்து என்ற வெறும் பட்டியல். 2023 ஆகஸ்ட் 3இல் மூலெனார் காலமானபின் விம்மைத் தாங்கிப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்தப் பட்டியலைத் தலைகீழாக வைத்து, திஸ்கியை யுனிகோடாக மாற்றும் செருகியொன்றை நானே எழுதினேன். லேசான வேலையில்லை. திஸ்கி, எழுத்தைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலே வைக்கும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. யுனிகோடில் க முன்னுக்கு வரவேண்டும். முதல் தடவை 'கொடிகாமம்' கொம்பு வேறு, தலை வேறாக வந்தது. இரண்டு இரவு மினக்கெட்டேன்.

பிறகு வாசிக்க முடிந்தது. கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்குப் படுக்க ஒரு வாங்கு கிடைத்தது என்று எழுதியிருந்தேன். அந்த வாங்கை மறந்தே போயிருந்தேன்.

செருகியை இன்னும் பொதுவில் போடவில்லை. 'கௌ' பிழைக்கிறது. அதைத் திருத்திப்போட்டு விடவேணும்.