வெற்றெழுத்தில் கடவுச்சொல்: சிடிஎஸ்எஸ் முதல் ராக்யூ வரை

கடவுச்சொல்லை எழுதியபடியே கணினியில் சேமிக்கும் வழக்கமும் அதனால் விளைந்த கேடும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் சிடிஎஸ்எஸ் கணினி அமைப்பில் பயனர்களின் கடவுச்சொற்கள் அனைத்தும் ஒரே கோப்பில் இருந்தன. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்திற்கு ஒதுக்கப்பட்ட 4 மணி நேரக் கணினிப் பயன்பாடு போதவில்லை. அந்தக் கோப்பை அச்சிடக் கேட்டுத் துளையட்டை ஒன்றை இரவில் போட்டார். மறுநாள் காலை அச்சுத்தாள் தயாராக இருந்தது. எந்தப் பூட்டையும் அவர் உடைக்கவில்லை.

அதே அமைப்பில் 1960களின் நடுப்பகுதியில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பையும், மற்றொருவர் அன்றைய வரவேற்புச் செய்தியையும் ஒரே நேரத்தில் திருத்தினர். இருவரின் தற்காலிகக் கோப்புகளுக்கும் ஒரே பெயர். உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. திருடனே இல்லாமல் நடந்த திருட்டு இது. கோப்பைப் பூட்டி வைப்பது போதாது, பூட்டு தவறினாலும் பயன்படாத பொருளையே உள்ளே வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வர இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

அந்த முடிவுக்குக் கேம்பிரிட்ஜ் விரைவிலேயே வந்தது. டைட்டன் கணினிக்காக ரோஜர் நீதாமும் உடன் பணியாற்றியோரும் வகுத்த முறையை மாரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியான தம் நூலில் விவரித்தார். ஒரு திசையில் மட்டுமே கணக்கிடத்தக்க சார்பில் கடவுச்சொல்லை இட்டு, வரும் விடையை (ஹாஷ்) மட்டும் சேமிக்க வேண்டும். உள்நுழையும்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால் போதும். கடவுச்சொல்லைச் சரிபார்க்க அதை அறிந்து வைத்திருக்கத் தேவையில்லை. இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு இதுவே என்பது என் கருத்து.

யூனிக்ஸை வளர்த்த ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் எழுதிய கட்டுரை அடுத்த சிக்கலை எடுத்துக்கொண்டது. தாங்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு, மிகக் குறுகியவையாகவோ அகராதிச் சொற்களாகவோ எளிதில் ஊகிக்கத்தக்கவையாக இருந்ததை அவர்கள் கண்டனர். முன்பிருந்த மறைமுறை வேகமானது; ஊகிப்பவருக்கும் அந்த வேகமே துணை. எனவே டிஇஎஸ் மறையாக்கத்தை 25 முறை திரும்பச் செய்து கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்கினர். ‘சால்ட்’ எனும் 12 பிட் கூடுதல் மதிப்பைச் சேர்த்ததால் ஒரே கடவுச்சொல் 4,096 வடிவங்களில் ஒன்றாகப் பதிவாகும். ஒருமுறை கணக்கிட்டு வைத்த பட்டியல் எல்லோருக்கும் பொருந்தாது. 1999இல் வந்த பிகிரிப்ட் எனும் ஹாஷ் முறை, கணினிகள் வேகம் பெறப் பெறத் தாமதத்தையும் கூட்டிக்கொள்ள வழி செய்தது.

இவ்வளவு தெளிவான பாதை இருந்தும் இணையம் ஏன் தொடக்கத்திற்கே திரும்பியது? கடவுச்சொல்லின் இருப்பிடம் இயங்குதளத்திலிருந்து தரவுத்தள அட்டவணைக்கு மாறியதே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். யூனிக்ஸில் அந்தப் பொறுப்பு இயங்குதளத்துடையது; இணையதளத்திலோ பயனர் அட்டவணையை ஒவ்வொரு நிரலாளரும் தாமே வடிவமைத்தார். பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் அடுத்தடுத்த பத்திகளாயின. மறந்தவருக்கு அவருடைய பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பும் தளம், அது மீட்கத்தக்க வடிவில் உள்ளே இருக்கிறது என்று தானே ஒப்புக்கொள்கிறது.

2009 டிசம்பரில் ராக்யூ நிறுவனத்தின் தரவுத்தளம் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்ற ஊடுருவல் முறை வழியாகத் திறக்கப்பட்டபோது, சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள் வெற்றெழுத்தில் வெளிவந்தன. ‘123456’ மட்டும் ஏறத்தாழ 2.9 லட்சம் கணக்குகளுக்கு உரியது. இழப்பு அந்தத் தளத்தோடு நிற்கவில்லை. மக்கள் உண்மையில் எப்படிக் கடவுச்சொல் அமைக்கிறார்கள் என்பதற்கு அதுவரை இல்லாத அளவு சான்று கிடைத்தது. மீள்வன நீக்கப்பட்ட சுமார் 1.4 கோடிச் சொற்களின் பட்டியல் இன்றும் பாதுகாப்புச் சோதனைக்கான காலி லினக்ஸ் இயங்குதளத்தில் இடம்பெறுகிறது. பிற தளங்களின் ஹாஷ்களை ஊகித்து உடைக்க முயல்வோர் முதலில் நாடுவனவற்றில் ஒன்று அது. ஒரு தளம் மறைக்காமல் வைத்தது, முறையாக மறைத்த தளங்களின் பயனர்களையும் தாக்குகிறது.

அட்டவணை சீரான பின்னும் வேறொரு வாசல் திறந்திருந்தது. கோடிக்கணக்கான பயனர்களின் கடவுச்சொற்கள் அட்டவணைக்கு வெளியே, நிறுவனத்தின் உள் சேமிப்பில் படிக்கத்தக்க வடிவில் பதிவாகியிருந்ததை 2019 மார்ச்சில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது.