மன்னரின் குளமும் நமது பரலும்



மழைநீரில் ஒரு துளியும் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்பது 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கொள்கை. கண்டி வாவியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டினார். வீட்டுக் கூரை நீரையும் சேமிக்க வேண்டும் என்று 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை வந்தது.

ஹந்தானையில் நாமோ மழை நாளில் கூரைத் தண்ணீரைக் கானுக்கு விட்டுவிட்டு, மாசி வெயிலில் மிளகாய்க் கன்றுக்குக் குழாய் நீர் ஊற்றுகிறோம். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லீற்றர். சிந்தியது போக, 200 லீற்றர் பரல் இரண்டு நிரம்பும்.

பீலி பூட்டுவோம். கூரை அழுக்கோடு வரும் முதல் நீரை விட்டுவிட்டுப் பிடிப்போம். டெங்கு நுளம்பு முட்டையிடாமல் பரலை வலையால் இறுக்க மூடுவோம். றஹ்மத்தாக இறங்கும் மழையை வீணாக்காதிருப்போம்.