ஏவற்குரலும் இசையும்

2020 மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபொழுது பள்ளிகளும் திடல்களும் மூடப்பட்டன. கூலிம் மாவட்டத்துக் கரங்கான் போன்ற சிற்றூர்களிலும், அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் வீட்டுக் கூடமே பயிற்சிக் களமாயிற்று. கைப்பேசித் திரையில் ஒருவர் துள்ளுகின்றார். பின்னணியில் முரசொத்த இசை அதிர்கின்றது. "இன்னும் எட்டு, இன்னும் ஏழு" என அவர் ஆங்கிலத்தில் ஏவுகின்றார். இதனை முற்றிலும் புதுமை என்று எண்ணுவாருளர். ஆயினும், நேரில் இல்லாத ஒருவரின் குரலுக்கும் இசைக்கும் உடலை அசைப்பது நம் நாட்டுக்கு ஏறத்தாழ எண்பதாண்டுப் பழமையுடையது.

அதன் தோற்றம் ஒரு வணிகக் கணக்கில் உள்ளது. 1925இல் அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்புறுதி நிறுவனம் நியூயார்க்கிலிருந்து வானொலி வழியே காலைப் பயிற்சி நடத்தத் தொடங்கிற்று. காப்புறுதி செய்தோர் நெடுநாள் வாழின் நிறுவனத்துக்கும் ஆதாயமன்றோ! இதனை அறிந்த சப்பானிய அஞ்சல்துறையின் காப்புறுதிப் பணியகத்தார், 1928 நவம்பர் 1ஆம் நாள் 'ராஜியோ தைசோ' எனும் வானொலிப் பயிற்சியைத் தம் நாட்டில் தொடங்கினர். பியானோ இசை தாளத்தைத் தர, அறிவிப்பாளர் எட்டு வரை எண்ண, மக்கள் ஒருசேரக் கையுயர்த்தினர்.

1942இல் மலாயா முழுதும் சப்பானியர் கைப்பட்டபின் அந்தத் 'தைசோ' இங்கும் வந்தது. பள்ளி மாணவரும் அரசு ஊழியரும் காலையில் வரிசையாய் நின்று 'இச்சி, நி, சான், சி' என்ற எண்ணிக்கைக்கு உடல் வளைத்தனர். அந்நாளில் சிறுவராயிருந்தோர் பலர், பசியையும் அச்சத்தையும் கூறும்பொழுதே, அவ்வெண்களையும் முதுமை வரை மறவாது ஒப்புவித்தனர். பொருள் விளங்காத சொல்லாயினும் தாளத்தோடு உடலில் ஏறிவிட்டால் எளிதில் இறங்குவதில்லை.

1943 சூலையில் நேதாசி சுபாசு சந்திரபோசு சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். பால்மரக் கத்தி பிடித்த கைகள் பல துப்பாக்கி பிடித்தன. அங்குக் கட்டளைமொழி இந்துத்தானி. 'சாவ்தான்' எனில் நேராக நிற்க வேண்டும். 'விஸ்ராம்' எனில் தளர்ந்து நிற்க வேண்டும். போர் முடிந்தபின், கெடாவில் பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி முன்னின்று அமைத்த தொண்டர் படையிலும் அப்பயிற்சியின் சாயல் இருந்தது. கள்ளை எதிர்த்த அத்தொண்டர்கள் கோலேந்தி அணிவகுத்தனர். 1947இல் அரசினரின் அடக்குமுறைக்கு அப்படை உள்ளாயிற்று. பெரட்டுக் களத்தில் பிறர் ஏவலுக்கு நின்றே பழகிய தொழிலாளர், தம் விருப்பத்தால் ஒரு கட்டளைக்கு நின்றது அங்கேதான் என்று கூறின் மிகையாகாது.

இவற்றுக்கெல்லாம் முன்பே நம்மவரிடம் பயிற்சியிசை இருந்தது. கோலாட்டத்திலும் கும்மியிலும் பாட்டு பின்னணியன்று, அதுவே ஏவல். அடி முடியுமிடத்தில் கை தட்டுகின்றது, கால் திரும்புகின்றது. சிலம்ப ஆசான் காலடி வரிசை கற்பிக்கையில் கோலொலியே எண்ணிக்கையாகின்றது. கோயில் திருவிழாவில் உறுமி மேளம் விரையும்பொழுது ஆடுவோரிடம் 'விரைக' என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.

இசை உடலை விரைவிப்பதனை மேனாட்டார் அளந்தும் பார்த்தனர். நியூயார்க்கில் நிகழ்ந்த ஆறுநாள் மிதிவண்டிப் பந்தயத்தில், வாத்தியக் குழு இசைத்தபொழுது ஓட்டிகள் விரைந்து சென்றதனை லியோனார்டு அயர்சு என்பார் 1911இல் எடுத்துக்காட்டினார். 1982இல் நடிகை ஜேன் பாண்டா வெளியிட்ட வீடியோ நாடா அவ்விசையை வீட்டுக்குள் கொணர்ந்தது. அதில் ஏவுபவரும் உடன் வியர்க்கின்றார், அடுத்த அசைவை ஒரு கணம் முன்னரே கூறுகின்றார், ஊக்கி ஆரவாரிக்கின்றார். படைத்தலைவன் குரல் தோழியின் குரலாயிற்று. இன்றைய திரைப் பயிற்சிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

சப்பானியம், இந்துத்தானி, ஆங்கிலம் என நம் உடலை ஏவிய மொழிகள் பல. தேசியமொழியில் அணிவகுப்புக் கட்டளை அமைவது முறையே, அதனைக் குறைகூறுவாரில்லை. ஆனால் உடற்கல்வி தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்பிக்கப்பெறும் பாடம். 'தமிழ்ச் சொல் நீளமானது. தாளத்துக்கு வாராது' என்று அதன் ஆசிரியரே கூறக் கேட்கின்றோம். இக்கூற்று பொருந்துமா?

நன்னூலார் வினைப்பகுதியையே ஏவலாகக் கொண்டார். நில், குனி, நிமிர், சுழல் என்பவற்றுள் ஒவ்வொன்றும் ஓரசையே. இவற்றினும் சுருங்கிய கட்டளை எம்மொழியிலும் அரிது. எட்டு எண்ணிக்கையோ, ஆதி தாளம் அறிந்தாருக்கு அயலன்று. இடர் வேறிடத்தில் உள்ளது. பெரியோர் எதிரே 'குனி' என்றல் மரியாதையன்று. 'குனியுங்கள்' எனின் நிரை நேர் நேர் என மூவசையாகித் தாளம் தப்புகின்றது. கும்மியில் பாடுபவளும் உடன் ஆடுகின்றாள். திரையில் ஏவுபவரும் உடன் குனிகின்றார். ஆகவே தன்மைப் பன்மை இங்குப் பொருந்தும். குனிவோம், நிமிர்வோம், சுழல்வோம்: மூன்றும் நிரை நேர், மூன்றும் புளிமா.