திமிஷ்கிலிருந்து மதீனா வரை

அரபியில் பயணத் தொலைவைக் குறிக்க ‘மர்ஹலா’ என்றொரு சொல் உண்டு. ஒரு நாளில் கடந்து, இறங்கித் தங்கும் தொலைவு அது. பாலைவழியில் மைல் கணக்கு செல்லாது. அடுத்த தண்ணீர் எங்கேயோ அதுவே கணக்கு.

பின்னாளில் நமது மஅபர் கரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, 1326 இல் திமிஷ்கு நகரின் ஹஜ்ஜுக் காபிலாவுடன் புறப்பட்டார். அக்காபிலாக்கள் மதீனாவை எட்ட ஏறத்தாழ 40 நாட்களாகும். தபூக்கில் நான்கு நாள் தங்கி, ஒட்டகங்களுக்கு நீர் காட்டி, அப்பால் இரவு பகலாக விரைந்தார்கள். வழியிலுள்ள உகைளிர் பள்ளத்தாக்கில் முன்னொரு வருடம் அனற்காற்று வீசி நீரெல்லாம் வற்றிப் போயிற்றாம். ஒரு மிடறுத் தண்ணீர் ஆயிரம் தீனாருக்கு விலைபோயிற்று. விற்றவரும் மாண்டார், வாங்கியவரும் மாண்டார். இச்செய்தி அங்கொரு பாறையில் பொறிக்கப்பட்டிருந்ததென அவர் எழுதுகிறார். விற்றவர் அத்தீனாரை எங்கே செலவிட எண்ணினாரோ!

இந்நாற்பது நாட்களை முதலில் சுருக்கியது விமானமன்று, இரயிலே. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900 இல் தொடங்கிய ஹிஜாஸ் இருப்புப் பாதைக்கு இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அனுப்பினர். சுமார் 1,300 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை 1908 இல் மதீனாவை அடைந்தது. பயணம் சில நாட்களாயிற்று. ஆனால் ஒட்டகங்களை வாடகைக்கு விட்டும் காபிலாக்களிடம் வழிப்பணம் பெற்றும் வாழ்ந்த பதவிகளுக்கு அது பிழைப்பைப் பறிப்பதாயிருந்தது. 1916 இல் மூண்ட அரபுக் கிளர்ச்சியில் பாதை பலவிடங்களில் தகர்க்கப்பட்டது. அதன்பின் அப்பாதையில் மதீனா வரை இரயில் நிலையாக ஓடவே இல்லை.

நேர்கோட்டில் இவ்விரு நகரங்களுக்கிடையே ஏறத்தாழ 1,050 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகத்துக்கு அது ஒன்றரை மணி நேரப் பறப்பு. அந்நேரத்துக்குள் காபிலா ஒரு கிணற்றில் தன் ஒட்டகங்களுக்கு நீர் காட்டி முடித்திராது.