காப்பியும் கச்சேரியும்: ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வுப் பணி

தமிழர் குடித்ததையும் புகைத்ததையும் படித்ததையும் வரலாற்றின் பொருளாக்கிய அறிஞர்களுள் முதன்மையானவர் ஆ.இரா. வேங்கடாசலபதி. 1967இல் குடியாத்தத்தில் பிறந்தவர். வ.உ.சி.யின் கடிதங்களை 1984இல் தொகுத்து வெளியிட்டபோது அவருக்கு வயது 17. புது தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பதிப்புத் துறையின் சமூக வரலாற்றை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபின் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியரானார். 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதும் வ.உ.சி.யைப் பற்றிய நூலுக்கே கிடைத்தது. பதினேழு வயதில் பற்றிய இழையை இன்றுவரை விடாத ஆய்வாளர்கள் அரியர்.

தருமபுரியை அடுத்த வத்தல்மலையில் காப்பி விளைவதை இம்மலரைப் படிப்போர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. விளைந்த காப்பி யார் வீட்டில், என்ன பெருமையோடு குடிக்கப்பட்டது என்பதைச் சொல்வது ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் அவருடைய நூல் (2000). நீராகாரமும் பழையதும் உண்டு வளர்ந்த நாட்டில் காப்பி புகுந்தபோது, உடல் கெடும், ஒழுக்கம் கெடும் என்ற கண்டனங்கள் எழுந்தன. ஆயினும் சில பத்தாண்டுகளில் காப்பி நடுத்தர வகுப்பாரின் அடையாளமாயிற்று. விருந்தினர்க்குக் காப்பி தராத வீடு மரியாதை அறியாத வீடு என்றாயிற்று. கலப்படமில்லாத பாலும் சிக்கரி சேராத தூளும் குலப்பெருமை போலப் பேசப்பட்டன. தேநீரோ உழைப்பாளியின் பானம் எனத் தாழ்த்தி வைக்கப்பட்டது. காப்பி ஓட்டல்களில் பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டதும் அதை எதிர்த்துச் சுயமரியாதை இயக்கம் போராடியதும் இக்கதையின் பகுதிகளே. ஒரு குவளைக்குள் சாதியும் வகுப்பும் தெரிவதைக் காட்டியதே அந்நூலின் தனிச்சிறப்பு.

இதற்கான சான்றுகளை அவர் கல்வெட்டிலோ செப்பேட்டிலோ தேடவில்லை. பழைய இதழ்கள், விளம்பரங்கள், கேலிச்சித்திரங்கள், தெருவில் விற்ற குஜிலி நூல்கள் ஆகியவற்றில் தேடினார். புலவர் உலகம் குப்பையெனத் தள்ளியவற்றை மதித்துச் சேர்த்தது, ஏடு தேடி அலைந்த உ.வே.சா.வின் மரபைச் சேர்ந்த தொண்டு எனலாம்.

காப்பியைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்ததில் மாதச் சம்பளத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அச்சம்பளம் வந்த இடம் கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகம். ஆளை ஆராய்ந்து வினையில் அமர்த்துவதற்கென வள்ளுவர் ‘தெரிந்துவினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அரசு அலுவல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காகிதத்தின் ஆட்சிதான் புதிது. அதன் தொடக்கக் களங்களுள் ஒன்று, ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூரே (இன்றைய தருமபுரி) என்பது இம்மண்ணுக்குப் பெருமை. 1792இல் தருமபுரி உள்ளிட்ட பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார். நிலந்தோறும் அளந்து, உழவரோடு நேரே தீர்வை பேசிய ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. அந்நாளைய கடிதப் போக்குவரத்து ‘பாராமகால் ஆவணங்கள்’ என்று பின்னர் அச்சேறியது.

இக்கச்சேரி உலகத்தை வரலாற்றாசிரியர் பவானி ராமன் 2012இல் வெளிவந்த ‘டாக்குமெண்ட் ராஜ்’ நூலில் விரித்தெழுதியுள்ளார். திண்ணைப் பள்ளியில் மனப்பாடத்தால் தேர்ந்த கணக்கர் எழுத்தராக மாறியது, கையொப்பத்துக்கு வந்த அதிகாரம், பொய்யாவணம் பற்றிய அச்சம், மனு எழுதும் வழக்கம் ஆகியன அதன் பொருள்கள். வ.உ.சி.யே வக்கீலாகும் முன் ஒட்டப்பிடாரம் தாலுகா கச்சேரியில் எழுத்தராக இருந்தவர்தாம். குமாஸ்தா என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அக்காலத்தில் ஊரார் நிலமும் வழக்கும் குமாஸ்தாவின் எழுத்தில் இருந்தன.

வத்தல்மலையின் காப்பிக்கு இத்தகைய வரலாறு இனிதான் எழுதப்பட வேண்டும். காப்பிக்கொட்டை விற்ற சீட்டு, பட்டா, பழைய மனு, காப்பியை மலையிலிருந்து தலைச்சுமையாக இறக்கிய முதியோரின் நினைவு ஆகிய எவையும் வீணாக விடப்படலாகாது. வீட்டுப் பரணில் உள்ள தாள்களைக் கறையான் தின்னுமுன் எடுத்துவைத்து, ஊரின் படித்த இளைஞரிடம் ஒப்படைக்குமாறு மலைவாழ் பெரியோரை வேண்டிக்கொள்வது இக்கட்டுரையின் கடன்.